ஒதி பெருத்தால் உத்திரமாகுமா?

ஒதியம்பட்டு என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு ஒதிய மரம்தான் நினைவுக்கு வரும். கொம்பை ஒடித்து வேலியோரம் நட்டால் போதும், துளிர்த்துவிடும். சில வருஷத்தில் நல்ல பருமனாகவும் ஆகிவிடும். ஆனால் வீடு கட்டுகிறவர் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒதி பெருத்தாலும் உத்திரமாகாது என்று பழமொழியே இருக்கிறது. பார்க்கப் பெரிதாக இருப்பது வேறு, பாரம் தாங்குவது வேறு.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டுக்குள் வரும் வழியில் ஒரு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாட்டுக் கொட்டகைக்கு இரும்புக் கால் என்று செய்து தருகிற சாதாரணப் பட்டறைதான். அங்கே ஒரு நாள் பழைய பிரீமியர் பத்மினி ஒன்று, உள்ளே சீட்டு எதுவுமில்லாமல், நான்கு மரக்கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. அதை டிராக் ரேஸ் காராக மாற்றுவது அதன் சொந்தக்கார இளைஞரின் ஆசை. இன்ஜின் விஷயமெல்லாம் முடிவாகிவிட்டது. இப்போது உள்ளே கூண்டு கட்ட வேண்டும். ரோல் கேஜ் என்பார்களே, அதுதான். கார் உருண்டால் கூரை நசுங்கி ஓட்டுபவர் தலைமேல் இறங்காமல் தடுக்கிற இரும்புக் குழாய்ச் சட்டம்.

பட்டறைக்காரர் சுவரோரம் கிடந்த தண்ணீர்க் குழாயைக் காலால் தட்டிக் காட்டினார். "அண்ணே, ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பு. மீடியம் கிளாஸ். இதப் போட்டுடலாம். யானை ஏறினாலும் வளையாது."

அந்த யானையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

முதலில் அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை இஞ்ச் என்று கடையில் கேட்டு வாங்கும் நீர்க்குழாயின் வெளிவிட்டத்தை அளந்தால் 48.3 மில்லிமீட்டர் இருக்கும். நீர்க்குழாய்க்குச் சொல்லும் அளவு பெயருக்குத்தான்; தண்ணீர் ஓடும் துவாரத்தை ஒட்டி வந்த கணக்கு அது. மீடியம் கிளாஸ் என்றால் சுவர்க் கனம் 3.2 மி.மீ. இதற்குப் பக்கத்தில் பன்னாட்டு மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. கேட்பதை வைத்துப் பாருங்கள். கூண்டின் முதுகெலும்பான பிரதான வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். ஆக, நீர்க்குழாய்தான் கனமானது. வளைவை எதிர்க்கும் வடிவக் கணக்கிலும் அதுவே முன்னால் நிற்கிறது. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை.

எஃப்.ஐ.ஏ. தரும் அந்த இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். 45 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 கிலோ. 50 மி.மீ. குழாய் 2.4 கிலோதான். ஆனால் எடை குறைந்த 50 மி.மீ. குழாய்தான் வளைவை 15 சதவீதம் அதிகமாக எதிர்க்கிறது. காரணம், ஒரு குழாய் வளையும்போது அதன் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெரிபடும், நடுவே இருக்கிற இரும்புக்கு வேலையே இல்லை. இரும்பை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு பலன். அதே 2.4 கிலோ இரும்பை உருக்கித் துவாரமில்லாத கம்பியாக்கினால் விட்டம் இருபது மி.மீ.கூட வராது, குழாயின் விறைப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூங்கிலுக்கும் ஆமணக்குத் தண்டுக்கும் இந்தக் கணக்கு நமக்கு முன்பே தெரியும்.

அப்படியானால் நீர்க்குழாயில் என்ன குறை? விறைப்பில் குறையில்லை. விறைப்பு தோற்ற பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் குறை. கூண்டு ஒருபோதும் வளையக் கூடாது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வளையலாம், ஆனால் வெடிக்காமல், விரியாமல், மோதலின் ஆற்றலை விழுங்கிக்கொண்டே வளைய வேண்டும். நீர்க்குழாய் என்பது தகட்டைச் சுருட்டி நெடுக ஒட்டிய குழாய். அதைச் சோதிப்பது உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் அழுத்தத்துக்கு. பக்கவாட்டில் மடங்கும்போது அந்த ஒட்டு விரியுமா, தாங்குமா என்று அந்தச் சோதனை சொல்லாது. மேலே பூசிய துத்தநாகம் இன்னொரு தொல்லை. வெல்டிங் சூட்டில் அது புகையாகி, உருகிய இரும்புக்குள் குமிழிகளை விட்டுவிட்டுப் போகும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும், ஜி.ஐ. வெல்டிங் செய்பவர்களுக்கு இது பழகிய கஷ்டம். எடையும் சேர்கிறது: மீட்டருக்கு மூன்றரை கிலோவுக்கு மேல். ஒதி பெருத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, என்ன குழாய் வாங்குவது? எஃப்.ஐ.ஏ. கேட்பது ஒட்டே இல்லாத, குளிர்நிலையில் இழுத்த, கார்பன் அதிகமில்லாத எஃகு. இழுவலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன். அமெரிக்க டிராக் ரேஸ்காரர்கள் டி.ஓ.எம். என்று ஒன்றைச் சொல்வார்கள். அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு நம் கடைகளில் அலைய வேண்டாம். நம் ஊரில் அதற்குப் பெயர் சி.டி.டபிள்யூ. ஒட்டிய குழாயை, அச்சுக்கும் உள்கம்பிக்கும் நடுவே குளிராகவே இழுத்து, ஒட்டின் தடம் தெரியாத அளவுக்குச் சீராக்குவது. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலை 1955இல் தொடங்கப்பட்டது. முருகப்பா குழுமத்தின் அந்த நிறுவனம் வாகனத் தொழிலுக்கு இந்தக் குழாயைத்தான் தருகிறது. அமெரிக்க விதியில் ஒட்டில்லாத குழாய், டி.ஓ.எம். இரண்டும் செல்லும். எந்த அமைப்பின் போட்டியில் ஓட்டப்போகிறோம் என்று தெரிந்த பிறகே குழாய்க்குப் பணம் கட்ட வேண்டும்.

குரோமோலி என்று ஒரு வார்த்தை இந்த இடத்தில் யாராவது ஒருவர் வாயிலிருந்து கட்டாயம் வரும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 எஃகு. அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம், என்.எச்.ஆர்.ஏ., ஒன்றே முக்கால் இஞ்ச் விட்டக் குழாய்க்குச் சாதா எஃகென்றால் 3 மி.மீ. கனம் கேட்கிறது, குரோமோலியென்றால் 2.1 மி.மீ. போதும் என்கிறது. எடையில் கால் பங்குக்கு மேல் மிச்சம். 25 மீட்டர் குழாய் போகிற கூண்டில் இருபது கிலோவுக்கு மேல். ஆசை வரும்தான். ஆனால் குரோமோலி வலிமையில்தான் உயர்ந்தது, விறைப்பில் அல்ல; எல்லா எஃகுக்கும் மீள்திறன் எண் கிட்டத்தட்ட ஒன்றே. தவிர, வெல்டிங் செய்த இடத்தை ஒட்டி அது கடினமாகி நொறுங்கும் குணம் உள்ளது. அதனால் டிக் வெல்டிங் மட்டுமே என்பது விதி. கிரில் கதவுக்கு ஆர்க் அடிக்கிற கைக்கு அது நாளைக்கே வராது. நம் பக்கத்துப் பழைய காருக்கு சி.டி.டபிள்யூ. சாதா எஃகும், மிக் வெல்டிங் நன்றாகத் தெரிந்த ஒருவரும் போதும் என்பது என் கட்சி.

இந்த இடத்தில் ஒரு கேள்வி நியாயமாக எழும். நேர்கோட்டில் 402 மீட்டர், அதாவது கால் மைல் மட்டும் ஓடுகிற கார் ஏன் உருள வேண்டும்?

தார்த் தரையில் அது உருள்வது உண்மையிலேயே கடினம். சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அகலம் 1.2 மீட்டர், மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.09 வரும். தன் எடையைவிடச் சற்று அதிகமான பக்கவாட்டு விசை இருந்தால்தான் கார் கவிழும். சாதாரண டயரால் தாரை அவ்வளவு பற்ற முடியாது. அதனால் கார் வழுக்கும், கவிழாது. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னர் வடம் பிடிக்கும் தேர் அது. மேலே சாரமும் துணியும் அலங்காரமும் ஏற ஏற எடை மையம் உயர்ந்துகொண்டே போகும். திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அத்தனை பதற்றமாக இருப்பது அதனால்தான்.

கார் கவிழ்வது ஓடுதளத்தின் ஓரத்தில். பக்கவாட்டில் வழுக்கி வந்த சக்கரம் தாரைவிட்டு இறங்கி மண்ணில் புதைந்ததும், கால் தடுக்கிய ஆள் மாதிரி கார் உருள்கிறது. டிராக் ரேஸோ பிறந்ததே இந்த மாதிரி இடங்களில். 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா விமான நிலையத்தில் ஓர் ஓடுபாதையில் அமெரிக்காவின் முதல் வணிகரீதியான டிராக் பந்தயங்கள் நடந்தன. அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ.யைத் தொடங்கினார். இலங்கையில் களுத்துறை அருகே கட்டுக்குருந்த, நமக்கு சோழவரம். இரண்டும் உலகப் போர்க்கால விமான ஓடுதளங்கள். 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தன் பந்தயங்களைப் பல ஆண்டுகள் சோழவரத்தில்தான் நடத்தியது. 1990இல்தான் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்தது. விமானத்துக்குப் போட்ட தளத்தில் ஓரத் தடுப்பு இருக்காது. தார் முடிந்தால் மண்.

பழைய கார்களில் சிலவற்றுக்கு உருள்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. சென்னையை அடுத்து வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் பின் அச்சு, நடுவில் கீல் வைத்த இரண்டு கைகள் போன்றது. காரின் பின்பக்கம் தூக்கினால் சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கிக் காலை இடறும். ஹெரால்டை வேகமாக ஓட்டிய பழைய ஆட்களுக்கு இந்தக் குணம் தெரியும். பின்னால் வந்த கெசலில் அச்சையே மாற்றிவிட்டார்கள்.

எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு கூண்டு? என்.எச்.ஆர்.ஏ. கணக்கு எளிமையானது. கால் மைலை 11.49 விநாடிக்குள் முடிக்கும் காருக்கு ரோல் பார் வேண்டும்: ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு வளையமும் அதைத் தாங்கும் கால்களும். கூரை திறந்த காரென்றால் 13.49 விநாடியிலேயே அது வந்துவிடும். 10.99க்குள் போனாலோ, மணிக்கு 217 கிலோமீட்டரைத் தாண்டினாலோ முழுக் கூண்டு. தரையும் இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகடும் மாறாத காராக இருந்தால் பத்து விநாடி வரை ரோல் பாரோடு விடுவார்கள். பத்துக்குள் வந்துவிட்டால் சட்டத்துக்குத் தனிச் சான்றிதழும் வேண்டும். பத்மினியின் சொந்த இன்ஜின் 1,089 சி.சி., சுமார் 40 குதிரைத்திறன். அதோடு கால் மைல் ஓட இருபது விநாடிக்கு மேலாகும். இளைஞரின் கனவில் இருந்ததோ பன்னிரண்டு. விதிப்புத்தகத்தின்படி அவருக்குக் கூண்டோ ரோல் பாரோ கட்டாயமில்லை. ஆனாலும் ரோல் பார் போடுவது நல்லது என்றுதான் நான் சொன்னேன். முழுக் கூண்டைப் பற்றி நான் தயங்கியதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

இனி யானை. எஃப்.ஐ.ஏ. ஒரு கூண்டுக்குச் சான்றிதழ் தருமுன் அதன் பிரதான வளையத்தை மேலிருந்து அழுத்திப் பார்க்கும். காரின் எடையோடு 150 கிலோவைக் கூட்டி ஏழரையால் பெருக்கினால் வருவது அழுத்தும் பாரம். பத்மினியை 900 கிலோ என்று வைத்தால் 7,875 கிலோ. வளர்ந்த யானைகள் இரண்டு. அந்தப் பாரத்தில் எதுவும் உடையக் கூடாது. நிரந்தரமாக நசுங்குவது 50 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு யானை ஏறி நின்றால் போதாது, பட்டறைக்காரரே.

அவ்வளவு பாரமும் எங்கே இறங்குகிறது என்று யோசித்தால்தான் உண்மையான சிக்கல் பிடிபடும். குழாய் வழியாக வந்து, அதன் அடிக்கால் வழியாகக் காரின் தரைக்கு. ஹெரால்டுக்கு அடியில் தனிச் சட்டகம் உண்டு. உடல் அதன்மேல் போல்ட்டால் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கூண்டின் கால் சட்டகத்தில்தான் நிற்க வேண்டும். பத்மினிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. மடித்த தகடுகளே உடலும் எலும்பும். அந்த மெல்லிய தகட்டில் குழாயை நேராக நிறுத்தினால் என்ன ஆகும்? ஈர மண்ணில் கட்டில் கால் மாதிரி உள்ளே இறங்கும். அதனால்தான் காலுக்கடியில் பட்டைத் தகடு: என்.எச்.ஆர்.ஏ. ஆறு இஞ்ச் சதுரத்தில் மூன்று மி.மீ. தகடுகளைத் தரைக்கு மேலும் கீழுமாக வைத்து போல்ட் போடச் சொல்கிறது, எஃப்.ஐ.ஏ. குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் கேட்கிறது.

நான் அந்த பத்மினியின் அடியில் படுத்து, ஓட்டுநர் பக்கத் தரையை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். பெயின்ட் பொருக்கு உதிர்ந்தது. இரண்டாவது குத்தில் முனை உள்ளே போய்விட்டது. மேலே நின்ற இளைஞரின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தது. புதுச்சேரிக் கடல்காற்று இவ்வளவு தூரம் உள்ளே வந்து வேலை பார்க்கிறது. உட்பக்கம் விரித்திருந்த சணல் விரிப்பு மழைத் தண்ணீரைக் குடித்து வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது. அவர் ஒரு மாதமாகக் குழாயின் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் தரையைப் பார்க்கவில்லை.

கால்களின் எண்ணிக்கையைச் சொல்லி விற்பார்கள்: ஃபோர் பாயின்ட், சிக்ஸ் பாயின்ட், டென் பாயின்ட். கூண்டு காரை எத்தனை இடத்தில் தொடுகிறது என்பதற்கு மேல் அந்த எண்ணில் ஒன்றுமில்லை. பிரதான வளையத்துக்குள் ஒரு மூலைவிட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு கம்பில் கட்டிய சதுரம் தள்ளினால் சாயும். குறுக்கே ஒரு கம்பு கட்டினால் இரண்டு முக்கோணமாகிச் சாயாது. பந்தல் போடுகிறவர் முதலில் குறுக்குக் கட்டுத்தான் போடுவார். பத்து கால்கள் உள்ள, மூலைவிட்டம் இல்லாத கூண்டைவிட, மூலைவிட்டத்தோடு நாலு கால் நிற்கிற வளையத்தை நான் நம்புவேன்.

வளைக்கும் வேலைக்கு வருவோம். பட்டறைக்காரர் குழாயில் மணலை அடைத்து, சூடேற்றி வளைக்கிற பழைய முறையில் கெட்டிக்காரர். ஆனால் கூண்டுக்குழாயைக் குளிராகத்தான் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைந்த இடம் நசுங்கி முட்டை வடிவமானால், குறுகிய விட்டம் அகன்ற விட்டத்தில் பத்தில் ஒன்பதுக்குக் குறையக் கூடாது. ஒரு துண்டை வெர்னியரில் அளந்தோம். ஒரு வாக்கில் 46.2, குறுக்கு வாக்கில் 39.8. வகுத்தால் 0.86. கண்ணுக்கு அழகான வளைவு. "சூப்பரா வந்திருக்கே சார்!" என்றார். தள்ளிவைத்தோம்.

அழகு என்றதும் இன்னொன்று. நம் பட்டறைகளில் வெல்டிங் முடிந்ததும் கை தானாக கிரைண்டரைத் தேடும். மேட்டைத் தேய்த்து வழவழவென்று ஆக்கினால்தான் வேலை முடிந்ததாகத் திருப்தி. கூண்டில் அது கூடவே கூடாது, விதியே தடுக்கிறது. தேய்த்துத் தள்ளுவது இணைப்பின் சதையை. தேய்த்த பிறகு உள்ளே பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லவும் யாராலும் முடியாது.

இப்போது என் தயக்கத்துக்கு வருகிறேன். கூண்டு காரைக் காப்பாற்றுகிறது. ஆளைக் காப்பாற்றுவது சீட்டும் பெல்ட்டும் ஹெல்மெட்டும். பிரதான வளையம் ஹெல்மெட்டுக்கு மூன்று இஞ்ச் உயரத்திலும், தலைக்குப் பின்னால் ஆறு இஞ்சுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது என்.எச்.ஆர்.ஏ. தலை தொடக்கூடிய குழாய்க்கெல்லாம் மெத்தையுறை வேண்டும். இந்த இளைஞர் அதே காரை ஞாயிற்றுக்கிழமை பாகூர் ஏரிக்கரைக்கும் ஓட்டிப்போவார், ஹெல்மெட் இல்லாமல். அப்போது நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் எஃகுக் குழாய். சின்ன மோதலுக்கே மண்டை உடையும். கூண்டு இல்லாத பத்மினியில் வெறும் வீக்கத்தோடு போயிருக்கும் அடி அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு காரை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது என்பது வேறு விஷயம்.

கூண்டின் எல்லை எது என்று 2005 செப்டம்பரில் வேல்ஸ் ராலியில் தெரிந்தது. மார்கோ மார்ட்டின் ஓட்டிய பெஜோ 307 சாலையை விட்டு விலகி, துணை ஓட்டுநர் பக்கம் மரத்தில் மோதியது. மார்ட்டினுக்குக் காயமில்லை. பக்கத்துச் சீட்டிலிருந்த மைக்கேல் பார்க் இறந்துபோனார். ஒரே கார், ஒரே கூண்டு. கதவுக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கிற சில அங்குலத்தைக் கதவுக் குழாய் கூட்டிக் கொடுத்துவிடாது. நம் இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரி 8ஆம் தேதி தேசிய கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ. குமார் இறந்தார். இன்னொரு காரோடு உரசிய அவரது கார் தடத்தை விட்டு விலகி, வேலியில் மோதிக் கூரை கீழாக விழுந்தது. 59 வயது. அன்றைய மற்ற பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம், கூண்டு கட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் கூட ஒரு கியர் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இளைஞர் கடைசியில் எடுத்த முடிவு இது. மூலைவிட்டம் வைத்த வளையமும் இரண்டு பின்கால்களும், சி.டி.டபிள்யூ. குழாயில். கதவுக் குழாயைப் போல்ட்டால் கழற்றி மாட்டும்படி வைப்பது. நேரம் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் மற்றதை யோசிப்பது. வளையத்தைச் சென்னையில் எந்திரத்தில் வளைத்து வாங்கிவருவதாகப் பட்டறைக்காரரே ஒத்துக்கொண்டார். நான் அடுத்த முறை போனபோது ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. குழாய் ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் காலாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பத்மினி அதே மரக்கட்டைகள் மேல்தான் நின்றது. ஓட்டுநர் பக்கத் தரை முழுக்க அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. ஓட்டை வழியாகப் பட்டறையின் மண் தெரிந்தது. இளைஞர் காரின் அடியில் மல்லாந்து படுத்து, துருவில்லாத தகடு எங்கே தொடங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு அவர் நினைத்ததைவிட வெகுதூரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.